கட்டுப்பாட்டு அறையில் அமர்பவருக்கு ஜெனரேட்டரின் அடிப்படை எதற்கு?

2025 ஜூன் 7, காலை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகிலுள்ள டோங்காட் வாசகர் ஒருவரின் கேள்வி

மின்தொகுப்புக் (கிரிட்) கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தேன். முதல் நான்கு மாதங்கள் முழுவதும் மின்னுற்பத்தியும் மின்கடத்தலும்தான்: கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், உயரழுத்த மின்பாதைகள். இவற்றையெல்லாம் டிப்ளமாவில் படித்துத் தேறியவன் நான். இன்று திரையில் எல்லாமே தெரிகிறது. எந்தச் சூழலில் எந்தப் பிரேக்கரை (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை) திறப்பது என்பதற்குக் கையேடு இருக்கிறது. மீதியை, கோளாறைக் கண்டதும் தானாகவே பிரேக்கரைத் திறக்கவைக்கும் ரிலேக்களும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. அடிப்படைப் பாடம் வீண் வேலை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கவும்.

2025 ஜூன் 7, இரவு

மறுக்கிறேன். காரணங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் அனல்மின் நிலையத்தில் வேலையைத் தொடங்கி, பிறகு டர்பன் பக்கம் வந்து சப்ஸ்டேஷன் இயக்கத்திலும் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் காலத்தைக் கழித்தவன் நான். ஆகவே சொல்வதில் பாதி அனுபவம், பாதி பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் முன்பு எங்கோ நடந்துவிட்ட ஒன்றுக்காக எழுதப்பட்டது. இதுவரை நடக்காத ஒன்று உங்கள் பணி நேரத்தில் நடந்தால், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று முடிவு செய்யவே அடிப்படை தேவைப்படும். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய தொகுப்பின் அதிர்வெண், திரையில் 49.87 என்று ஓர் எண்ணாகத் தெரிகிறது. அது ஏன் குறைகிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, தானாக நிற்குமா, நிற்காதா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

இரண்டு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றும், நான்கு துருவ ஜெனரேட்டர் 1500 சுற்றும் சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரே தேரின் வடத்தைப் பிடித்திருப்பவர்களைப் போல, ம்புமலாங்காவின் நிலக்கரி நிலையங்களும், கேப் டவுனுக்கு அருகிலுள்ள கூபர்க் அணுமின் நிலையமும், டிராகன்ஸ்பர்க் மலையின் நீரேற்று மின்நிலையமும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று கை விட்டால் அதன் பங்கு அந்தக் கணமே மற்றவற்றின் மேல் ஏறிவிடும். அந்தக் கணத்தில் கொதிகலனில் நிலக்கரி கூடுவதில்லை, நீராவி கூடுவதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் ரோட்டர்களில் தேங்கியிருக்கும் ஆற்றலிலிருந்துதான் பற்றாக்குறை நிரப்பப்படுகிறது. அதனால்தான் வேகம் குறைகிறது.

ஒரு கணக்கு போடுவோம். இயங்கும் இயந்திரங்களின் மொத்தத் திறன் 30,000 எம்.வி.ஏ. (மெகாவோல்ட்-ஆம்பியர்), நிலைம மாறிலி (ரோட்டர்களில் தேங்கிய ஆற்றல் முழுத் திறனை எத்தனை நொடி தாங்கும் என்ற அளவு) 5 நொடி, திடீரென்று 900 மெகாவாட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் தொடக்கத்தில் நொடிக்கு 0.15 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கும். இதே பாடத்தை மொரிஷியஸ் போன்ற தீவுக்குப் பொருத்திப் பாருங்கள். வெளித்தொடர்பு கிடையாது. 450 எம்.வி.ஏ., மாறிலி 3 நொடி, இழப்பு 40 மெகாவாட் என்று கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 0.74 ஹெர்ட்ஸ். தானியங்கிச் சுமைநீக்கம் (அதிர்வெண் சரியும்போது ரிலே தானாகச் சில பகுதிகளின் மின்சாரத்தை வெட்டுவது) 49.2-இல் தொடங்குவதாகப் பயிற்சிக்காக வைத்துக்கொண்டால், முதல் தொகுப்பில் அந்த எல்லையைத் தொட ஐந்து நொடிக்கு மேல் ஆகும். தீவில் ஒரு நொடியில் தொட்டுவிடும். ஆபரேட்டரின் கை மவுஸை எட்டுவதற்குள் தீவில் எல்லாம் முடிந்திருக்கும், பெரிய தொகுப்பில் கவர்னர்கள் (டர்பைனின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவிகள்) வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த முதல் நொடிகளில் தனக்கு வேலையே இல்லை என்பதும், அதற்கு அடுத்த நிமிடங்கள் முழுவதும் தன்னுடைய வேலை என்பதும் ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜூன் 9

கவர்னர் என்றதும், அது எவ்வளவு உற்பத்தியைக் கூட்டும் என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 4 விழுக்காடு டிரூப் (அதிர்வெண் இறக்கத்துக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்டும் விகிதம்) என்றால், அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் இறங்கும்போது இயந்திரம் தன் முழுத் திறன் அளவுக்கு உற்பத்தியைக் கூட்ட முயலும். 600 மெகாவாட் இயந்திரம் 0.1 ஹெர்ட்ஸ் இறக்கத்துக்கு 30 மெகாவாட் கூட்டும்.

வீட்டுப்பாடம்: ஒவ்வொன்றும் 600 மெகாவாட் திறனும் 4 விழுக்காடு டிரூப்பும் கொண்ட மூன்று இயந்திரங்கள் 590, 500, 400 மெகாவாட்டில் ஓடுகின்றன. அதிர்வெண் 0.2 ஹெர்ட்ஸ் இறங்குகிறது. மொத்தம் எவ்வளவு கூடும்?

2025 ஜூன் 10

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் 180 என்று பதில் எழுதியிருக்கிறார். விடை 130. முதல் இயந்திரம் 590-இல் ஓடுகிறது. அதற்கு மேல் பத்துதான் இடம் இருக்கிறது. மற்ற இரண்டும் அறுபது அறுபது. சூத்திரம் அவருக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. இயந்திரத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதுதான் கணக்கில் வரவில்லை. டோங்காட் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். டிப்ளமாவில் தேறுவதற்கும் கட்டுப்பாட்டு அறையில் அமர்வதற்கும் உள்ள தூரம் இந்த 50 மெகாவாட்தான்.

2025 ஜூன் 14

"தென்னாப்பிரிக்காவில் எல்லாம் லோட் ஷெட்டிங்தானே, ஸ்டேஜ் எண்ணைச் சொன்னால் போதும், ஆபரேட்டர் அட்டவணையைப் பார்த்துச் சுவிட்சைத் திருப்புவார்" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். 2007-இன் கடைசியிலும் 2008 ஜனவரியிலும் தொடங்கி, 2023-இல் உச்சத்தைத் தொட்ட அந்த மின்வெட்டுக் காலத்தை அனுபவித்தவர்களுக்குக் கிண்டல் செய்யும் உரிமை உண்டு. 2024 மார்ச் 26 முதல் பத்து மாதங்கள் தடையில்லாமல் ஓடி, 2025 ஜனவரி 31 அன்று மறுபடியும் அறிவிப்பு வந்தபோது என் வீட்டிலேயே யாரும் வியப்படையவில்லை. ஆனால் கிண்டலுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன.

ஸ்டேஜ் 1 என்பது 1000 மெகாவாட், ஸ்டேஜ் 6 என்பது 6000 மெகாவாட் என்று அறிவித்துச் சுழற்சி முறையில் நிறுத்துவது மனிதர் எடுக்கும் முடிவு. அதிர்வெண் சரிந்தபின் ரிலே தானாகப் பகுதிகளை வெட்டிவிடுவது வேறு. முதலாவதைச் செய்வதே இரண்டாவதற்கான வாய்ப்பைக் கைவசம் மீதம் வைத்திருப்பதற்காகத்தான். தானியங்கி ரிலேயில் இணைந்துள்ள பகுதிகளை ஏற்கெனவே சுழற்சியில் நிறுத்திவிட்டிருந்தால், உண்மையான அவசரத்தில் வெட்டுவதற்கு அங்கே சுமையே இருக்காது. எந்த ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதை) எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஆபரேட்டர் யோசிக்க வேண்டியது இதனால்தான்.

இன்னொன்று, திறனும் ஆற்றலும். டிராகன்ஸ்பர்க்கில் 1000 மெகாவாட், இன்னொரு நீரேற்று நிலையமான இங்குலாவில் நான்கு இயந்திரங்களாக 1332 மெகாவாட் என்று பலகையில் எழுதிவிட்டால், மாலை உச்சநேரத்துக்குக் கையில் 2332 மெகாவாட் இருப்பதாகப் புதியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். மேல் அணையில் நீர் இருக்கும் வரைதான் அது. இரவில் நீரை மேலே ஏற்ற நிலக்கரி நிலையங்களில் மிச்சம் இருக்க வேண்டும். வாரத்தின் நடுவில் இரண்டு பெரிய யூனிட்டுகள் நின்றுவிட்டால் இரவில் முழுமையாக ஏற்ற முடியாமல் போய், வெள்ளிக்கிழமை மாலை அணை மட்டம் பேசத் தொடங்கிவிடும். டீசலில் ஓடும் காஸ் டர்பைன்களுக்கும் இதே கதை. இன்று எவ்வளவு மெகாவாட் என்று மட்டும் கேட்பவருக்கு, நாளை மாலை எவ்வளவு நேரம் ஓடும் என்ற கேள்வி எழுவதில்லை.

அடுத்தது கீசர். நம் வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மின்சார கீசர்தான். சாதாரண நேரத்தில் ஒரு தெருவில் சில வீட்டுக் கீசர்கள் மட்டுமே வெப்பமேற்றிக்கொண்டிருக்கும். மற்றவற்றில் தெர்மோஸ்டாட் நிறுத்திவைத்திருக்கும். நான்கு மணி நேரம் மின்சாரம் நின்று திரும்பும்போது எல்லாத் தொட்டிகளிலும் நீர் ஆறியிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். மூன்று கிலோவாட் வீதம் ஆயிரம் வீடு என்றால் கீசர் மட்டுமே மூன்று மெகாவாட். அதனுடன் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் சேர்ந்தால், நிறுத்தும்போது ஐந்து மெகாவாட்டாக இருந்த ஃபீடர் திரும்பும்போது அதே ஐந்தாக இருக்காது. ஃபீடரைப் போட்டவுடன் ஓவர்கரண்ட் ரிலே (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிப்பது) டிரிப் செய்யும். புதிய ஆபரேட்டர் பழுது என்று நினைத்து ஆட்களை அனுப்புவார். சில சமயம் உண்மையிலேயே பழுதாகவும் இருக்கும். கேபிள் திருட்டு நடந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய ரிலேயில் பதிவான மின்னோட்டத்தின் அளவையும், எந்த ஃபேஸ், எவ்வளவு நேரம் என்பதையும் படிக்கத் தெரிய வேண்டும். மூன்று ஃபேஸிலும் ஏறத்தாழ சமமாக, ரிலேயில் வைத்த எல்லையைச் சற்றே தாண்டிச் சில நொடிகள் ஓடியபின் டிரிப் ஆகியிருந்தால், பெரும்பாலும் கீசர்தான். பகுதியை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

2025 ஜூன் 15

கீசரைப் பற்றி எழுதியதற்குத்தான் இதுவரை அதிகப் பதில்கள். எல்லோரும் தங்கள் வீட்டுக் கீசரின் அளவைச் சொல்கிறார்கள். நன்றி, போதும்.

2025 ஜூன் 21

அதிர்வெண்ணைப் பற்றி எவரும் ஓரளவு பேசிவிடுவார்கள். பயிற்சியில் உண்மையாகவே தடுமாறும் இடம் மின்னழுத்தமும் ரியாக்டிவ் பவரும் (வேலை எதுவும் செய்யாமல், மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்குமாக முன்னும் பின்னும் ஓடும் மின்திறன்; அதன் அலகு மெகாவார்). ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதைப் பற்றி ஸ்பெயின் அரசின் அறிக்கை இந்த வாரம் 17-ஆம் தேதி வெளிவந்திருப்பதால், அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதிர்வெண் நாடு முழுவதும் ஒன்று. மின்னழுத்தம் ஊருக்கு ஊர் வேறு. மெகாவாட்டை ஆயிரம் கிலோமீட்டர் அனுப்பலாம். மொசாம்பிக்கின் கஹோரா பாசாவிலிருந்து 1420 கிலோமீட்டர் நேர்மின்னோட்டப் பாதையில் ±533 கிலோவோல்ட்டில் தென்னாப்பிரிக்காவின் அப்பல்லோ சப்ஸ்டேஷன் வரை வருகிறது. மெகாவாரை அப்படி மாற்றுமின்னோட்டப் பாதையில் தொலைவுக்கு அனுப்ப முடியாது. பாதையின் தூண்டல் மறுப்பே வழியில் அதைத் தின்றுவிடும். ஆகவே அழுத்தம் எங்கே கெடுகிறதோ, அங்கேயே மருந்து இருக்க வேண்டும்.

மின்பாதை என்பது வெறும் கம்பி அன்று. தரைக்கும் கம்பிக்கும் இடையே அது ஒரு நீண்ட கெபாசிட்டர். 400 கிலோவோல்ட் பாதை மின்னூட்டப்பட்டவுடன் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.6 மெகாவார் உற்பத்தி செய்யும். 300 கிலோமீட்டருக்கு 180. 765 கிலோவோல்ட்டில் இது பல மடங்கு. பாதையில் சுமை அதிகமாக ஓடும்போது தூண்டல் அதை விழுங்கிவிடும். 400 கிலோவோல்ட்டுக்கு 500, 600 மெகாவாட் அளவில் இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே சுமை இறங்கினால் பாதையே மெகாவாரை வெளியே தள்ளும், தொலை முனையில் அழுத்தம் ஏறும். நமது நாட்டில் நிலக்கரி வடகிழக்கில், கேப் டவுன் தென்மேற்கில். இடையே மிக நீளமான பாதைகள். கிறிஸ்துமஸ் அதிகாலையில் தொழிற்சாலைகளெல்லாம் மூடியிருக்கும்போது கட்டுப்பாட்டு அறையின் தலைவலி மின்பற்றாக்குறை அன்று, அழுத்த ஏற்றம். ஷன்ட் ரியாக்டர்களை (மெகாவாரை உறிஞ்சும் சுருள்களை) போடுவார்கள், ஜெனரேட்டர்களின் எக்சைட்டேஷனை (ரோட்டரைக் காந்தமாக்கும் மின்னோட்டத்தை) குறைத்து மெகாவாரை உறிஞ்ச வைப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பாதையையே திறந்துவைப்பார்கள்.

ஸ்பெயினுக்கு வருகிறேன். அன்று நண்பகல் தாண்டிய சற்று நேரத்தில் தொகுப்பில் அலைவுகள் (அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் ஊசலாடுவது) தோன்றின. அவற்றை அடக்கப் பாதைகளைக் கூடுதலாக இணைத்தார்கள், ஏற்றுமதியைக் குறைத்தார்கள். அலைவை அடக்க அது சரியான மருந்துதான். ஆனால் இரண்டுக்கும் பக்கவிளைவு ஒன்றே. ஒவ்வொரு பாதையிலும் சுமை குறைந்தது, பாதைகள் மெகாவாரைத் தள்ளின, அழுத்தம் ஏறியது. உறிஞ்ச வேண்டிய அளவுக்கு உறிஞ்சுபவர்கள் இல்லை. அழுத்தம் மிகுந்ததால் உற்பத்தி நிலையங்கள் துண்டித்துக்கொண்டன. துண்டித்ததால் பாதைகள் மேலும் இலகுவாகி அழுத்தம் மேலும் ஏறியது. சூரிய மின்சாரம்தான் குற்றவாளி என்றும், இல்லவே இல்லை என்றும் இங்கேயே இரண்டு கட்சி உருவாகியிருப்பதைப் பார்க்கிறேன். யார் உறிஞ்சக் கடமைப்பட்டிருந்தார்கள், உறிஞ்சினார்களா என்று கேட்டால் கட்சி தேவைப்படாது.

2025 ஜூன் 22

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "இவ்வளவு தெரிந்தால் போதுமா?" என்கிறார். தெரிவது வேறு, கை அதன்படி நகர்வது வேறு. வார இறுதியில் சில இளைஞர்களுக்கு மடிக்கணினியில் ஒரு சிறு மாதிரித் தொகுப்பை ஓட்டிக்காட்டிப் பயிற்சி தருகிறேன். நான்கு ஜெனரேட்டர், பத்து சப்ஸ்டேஷன். நேற்று அதிகாலைச் சுமையை வைத்து ஓட்டினோம். தொலைவில் உள்ள 400 கிலோவோல்ட் பஸ்பாரில் (பல பாதைகள் சேரும் பொதுக் கம்பியில்) 421 என்று சிவப்பாக மின்னியது. சாட்ஸ்வொர்த் இளைஞர் உடனே, "அங்கிள், வோல்டேஜ் ஏறுது, ஜெனரேட்டரைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்று மெகாவாட் கட்டளையில் கை வைத்தார். திருச்சியிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத மற்றொருவர், "சார், லைனை எடுத்துரலாம்" என்றார்.

முதலாமவரைச் செய்ய விட்டேன். 60 மெகாவாட் குறைத்தார். அதிர்வெண் இறங்கியது, பாதையின் சுமை குறைந்ததால் அழுத்தம் 423 ஆனது. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். பிறகு அவரே மெகாவாட்டைத் திருப்பிக் கூட்டிவிட்டு, எக்சைட்டேஷனை இறக்கத் தொடங்கினார், 412-க்கு வந்தது. மேலும் இறக்கப் போனபோது இரண்டாமவர் கையைப் பிடித்துக்கொண்டார். எக்சைட்டேஷனை அளவுக்கு மீறி இறக்கினால் ஸ்டேட்டரின் (ஜெனரேட்டரின் சுழலாத பகுதியின்) முனைகள் சூடேறும், ரோட்டரைத் தொகுப்போடு பிணைத்திருக்கும் காந்தப்பிடி தளரும் என்பது அவருக்கு நினைவிருந்தது. இருவரும் சேர்ந்து ரியாக்டர் ஒன்றைப் போட்டு முடித்தார்கள். பாதையை எடுக்கும் யோசனை தவறானது அன்று. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதையை எடுத்துவிட்ட நிலையில் இன்னொன்று தானாக டிரிப் ஆனால் என்ன மிஞ்சும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஜூன் 24

சப்ஸ்டேஷனுக்கு அப்பல்லோ என்று கிரேக்கப் பெயரா, முருகன் பெயர் கூடாதா என்று கேட்டவருக்கு: ஆம், அப்பல்லோ மட்டுமல்ல. ஹைட்ரா, ஸூஸ், பெர்சியஸ், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று இந்த நாட்டின் சப்ஸ்டேஷன்களில் பல கிரேக்கர்களுடையவைதான். முருகன் பெயரில் ஒன்றாவது வைத்திருக்கலாம் என்ற மனுவில் நானும் கையெழுத்திடுகிறேன்.

2025 ஜூலை 5

ரிலேக்களும் கணினியும் பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். பிற்பகல் 2:14 மணிக்கு ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் ஓசையின்றி நின்றுவிட்டது. திரை இருந்தது, எண்கள் இருந்தன, எச்சரிக்கை மட்டும் வரவில்லை. 3:05-க்கு ஒரு 345 கிலோவோல்ட் பாதை மரத்தைத் தொட்டு டிரிப் ஆனது. அப்போது அது தன் மதிப்பில் பாதியைக்கூடச் சுமக்கவில்லை. 3:32-க்கு இன்னொன்று, 3:41-க்கு மூன்றாவது. 4:13-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் இருந்த ஒரு மணி நேரம். அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்து நிறுவனங்களும் ஒரு மின்நிலையமும் அழுத்தமும் பாதையும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலாரம் அடிக்கவில்லையே என்று இவர்கள் இருந்தார்கள். தன் திரை சொல்வதும் வெளியில் இருப்பவர் சொல்வதும் முரண்படும்போது, ஒரு ஜெனரேட்டர் ஏன் திடீரென்று இவ்வளவு மெகாவாரைத் தள்ளுகிறது என்று யோசிக்கத் தெரிந்தவர், அருகில் ஏதோ ஒரு பாதை இல்லை என்ற முடிவுக்கு அலாரம் இல்லாமலே வந்திருப்பார். அதன் பிறகு வட அமெரிக்காவில் ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாளாவது அவசரநிலைப் பயிற்சி தர வேண்டும் என்று பணிக்கப்பட்டது.

தொலைபேசி என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டளையை ஒருவர் சொல்ல, மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல, முதலாமவர் "சரி" என்று உறுதி செய்தபிறகே சுவிட்சில் கை. பிரேக்கரின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருப்பவர் சொந்த மச்சானாகவே இருந்தாலும், "அதான்டா, நேத்து எடுத்தோமே, அந்த லைன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

2025 ஜூலை 6

இந்தியாவின் 2012 ஜூலை 30, 31 இருட்டடிப்புகளைக் குறிப்பிட்டு, "அப்போது தமிழ்நாடு மட்டும் தப்பியது, நம் ஆட்கள் திறமைசாலிகள்" என்று எழுதியிருப்பவருக்கு: பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை டிரிப் ஆகி வடக்கும், மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தபோது, தெற்குத் தொகுப்பு அவற்றுடன் ஒத்த அதிர்வெண்ணில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. நேர்மின்னோட்ட இணைப்புகள் மட்டுமே இருந்தன. அதிர்வெண் சரிவு அவற்றின் வழியே பரவாது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அந்த 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டுவிட்டுப் பெருமைப்படுங்கள்.

2025 ஜூலை 19

முழு இருட்டடிப்பிலிருந்து மீள்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதும் இருண்டதில்லை. அதனாலேயே இந்தப் பயிற்சியை எவரும் நேரில் பெற்றதும் இல்லை.

வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமல் தானாகவே எழக்கூடிய நிலையம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நீர்மின் நிலையம் அல்லது டீசல் துணையுடன் எழும் காஸ் டர்பைன். அதிலிருந்து பாதை ஒன்றை உயிர்ப்பித்து நிலக்கரி நிலையத்தின் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் மின்சாரம் கொண்டுபோக வேண்டும். சுமையில்லாத நீண்ட பாதையைச் சிறிய இயந்திரத்தில் மாட்டினால் ஜூன் 21 குறிப்பில் சொன்ன மெகாவார் முழுவதும் அந்த ஒற்றை இயந்திரத்தின் தலையில் இறங்கும். சுமையைச் சிறு சிறு துண்டாகச் சேர்க்க வேண்டும்; ஆனால் கீசர்கள் எல்லாம் ஆறியிருக்கும். அடிப்படையில் ஒரு பாடத்தை விட்டவர்கூட இங்கே சிக்கிக்கொள்வார்.

பிறகு, தனித்தனியாக எழுந்து ஓடும் இரண்டு மின்தீவுகளை இணைப்பது. சிங்க்ரோஸ்கோப் (இரு பக்க மின்னலைகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டும் கடிகாரம் போன்ற கருவி) முள் கடிகார திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும், பன்னிரண்டைத் தொடுவதற்குச் சற்று முன் பிரேக்கரை மூட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். "சற்று" என்றால் எவ்வளவு? முள் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி எடுத்தால் நொடிக்கு 36 பாகை. பிரேக்கர் மூட பத்தில் ஒரு நொடி என்றால் 3.6 பாகை முன்னால். முள் இரண்டு நொடிக்கு ஒரு சுற்றாக ஓடினால் அதே பிரேக்கருக்கு 18 பாகை. அந்த வேகத்தில் மூடவே கூடாது. முள் பன்னிரண்டுக்கு நேர் எதிரே இருக்கும்போது மூடிவிட்டால், ரோட்டரின் தண்டு முறுக்கப்படும் அளவுக்கு விசை வரும்.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு மூன்று பல்பு வைத்துச் செய்த பரிசோதனை நினைவிருக்கும். மூன்றும் சேர்ந்து ஒளிர்ந்து சேர்ந்து அணையும். அணைந்திருக்கும் நடுவில் சுவிட்சைப் போட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி ஒளிர்ந்தால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது என்று பொருள். எங்கள் ஆய்வகத்தில் பல்புகள் பழையவை, ஒன்று எப்போதும் மங்கலாகவே எரியும். ஆனாலும் அந்த மேசையில் புரிந்த அளவுக்குப் பின்னர் எந்தப் பளபளப்பான திரையிலும் ஒத்தியக்கம் எனக்குப் புரிந்ததில்லை.

2025 ஆகஸ்ட் 2

இவ்வளவும் எழுதியபின் எனக்கே ஓர் ஐயம். அடிப்படை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. நான்கு மாதங்கள் தொடர்ந்து வகுப்பறையில் வைத்து நடத்துவது சரிதானா என்பதுதான் கேள்வி. இல்லை என்றே நினைக்கிறேன். சிமுலேட்டரில் முதல் வாரமே உட்காரவைத்து, தொகுப்பைக் கவிழ்க்கவிட்டு, ஏன் கவிழ்ந்தது என்று அவர்களே கேட்டபின் பாடத்தைத் தொடங்கினால் பாதி நேரம் போதும். டோங்காட் நண்பரின் சலிப்பில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மின்நிலையத்தைப் பார்க்காமல் கட்டுப்பாட்டு அறைக்கு ஆளை அனுப்பவும் கூடாது. மெடுப்பி நிலக்கரி மின்நிலையத்தின் நான்காம் யூனிட் 2021 ஆகஸ்ட் 8 இரவு வெடித்தது. இந்த ஜூலைத் தொடக்கத்தில்தான் தொகுப்புக்குத் திரும்பியது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், எண்ணூறு மெகாவாட் அளவு. பெரிய ஜெனரேட்டரை ஹைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். அது இலேசானது, காற்றைவிட ஏழு மடங்கு வெப்பம் கடத்துவது. காற்றுடன் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்தால் வெடிக்கக்கூடியது. அதனால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜனைக் கார்பன் டைஆக்சைடால் முழுமையாக வெளியேற்றிய பிறகே காற்றை விட வேண்டும். கசிவைத் தேடும் பணியில், போதிய அளவு வெளியேறும் முன்பே காற்று உள்ளே விடப்பட்டது. நடைமுறைக் கையேடு இருந்தது. கனமான கார்பன் டைஆக்சைடு அடியிலிருந்து நிரம்பி இலேசான ஹைட்ரஜனை மேலே தள்ளுகிறது, நடுவில் உள்ள அடுக்கு எங்கே இருக்கிறது என்று அளவி சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்ற படம் மனத்தில் இருப்பவருக்கு, கையேட்டின் அந்த வரியைத் தாண்டக் கை வராது.

2025 ஆகஸ்ட் 3

டோங்காட் நண்பர் செப்டம்பரில் சேர்கிறாராம். நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்போது என்ன கேட்பது என்று வினவியிருக்கிறார். கொதிகலன் எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்காதீர்கள். இந்த யூனிட் நிமிடத்துக்கு எத்தனை மெகாவாட் ஏறும், எவ்வளவு கீழே இறங்கினால் எண்ணெய்த் துணை இல்லாமல் சுடர் நிற்காது, நின்ற சூட்டோடு கிளப்ப எத்தனை மணி, முழுதாகக் குளிர்ந்தபின் எத்தனை மணி, எத்தனை மெகாவார் உறிஞ்சும், அந்த எல்லையைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தாமதமாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய பணிநேரத்தாரின் பதிவேட்டைப் பத்து நாள் பின்னோக்கிப் படிக்க அனுமதி வாங்குங்கள்.

போகும் முன் இதைச் செய்து இங்கே போடுங்கள்: ஜூன் 9 கணக்கில் உள்ள மூன்று இயந்திரங்களும் ஒரு தனித் தீவுக்கு மின்சாரம் தருகின்றன, 500-இல் ஓடிய இயந்திரம் டிரிப் ஆகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் எது தானாக நடக்கும், எதை நீங்கள் செய்வீர்கள், யாரைத் தொலைபேசியில் அழைப்பீர்கள் என்று ஒரு தாளில், கையால், நொடி வாரியாக. மீதமுள்ள இரண்டில் கூட்ட இடம் மொத்தம் 210 மெகாவாட்தான் என்பதைத் தொடங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.